பயந்த முகம் செய்கிற கொம்பர்

டென்மார்க்கில் இருக்கிற தமிழர் எல்லோரையும் ஒரு மைதானத்தில் கூட்டி, யார் பெரிய பயந்தாங்கொள்ளி என்று போட்டி வைத்தால் கொம்பருக்குத்தான் முதல் பரிசு. ஆனால் வாங்க வரமாட்டார். அவ்வளவு சனத்துக்கு நடுவில் நிற்க அவருக்குப் பயம்.

லிப்டுக்குப் பயம். பாலத்துக்குப் பயம். கட்டிப் போட்ட நாய்க்கும் பயம், ஏனென்றால் கட்டினவனை அவருக்குத் தெரியாது. பிரெடெரிசியாவில் எங்கள் தொடர்மாடியில் அவர் மேல்மாடிக்காரர். படியிறங்கும்போது கீழே ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும், இறங்கிய இடத்திலேயே சிலையாகிவிடுவார். கதவைத் திறந்தது நான்தான் என்று குரல் கொடுத்த பிறகும், "நீர் மட்டும்தானோ?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அடுத்த காலை வைப்பார். புத்தாண்டுக்கு டெனிஷ்காரர் வெடி கொளுத்தத் தொடங்கினால் மனிதர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். மனைவி சாப்பாட்டைக் கதவடியில் வைப்பார்.

இதைச் சொல்லிச் சிரிக்கிற நான் ஒன்றும் பெரிய வீரன் இல்லை. நகரசபை அலுவலகத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் உள்ளுக்குள் நான் ஓடத் தொடங்கிவிடுவேன். ஆனால் நான் வெளியில் காட்டுவதில்லை. கொம்பர் காட்டுவார். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

கொம்பர் என்ற பெயர் நாங்கள் வைத்தது. வேலையில்லாமல் இருந்த காலத்தில் நகரசபையின் வேலைப் பகுதி அம்மா இவரைப் பார்த்துவிட்டு, இந்த மனிதருக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும் என்று இரக்கப்பட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். சத்தம் இல்லைத்தான். அது மிருகங்களைப் பாடம் செய்கிற பட்டறை. ஆபிரிக்காவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போய் வேட்டையாடி வருகிற பணக்காரர் தோலையும் கொம்பையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர்கள் உள்ளே அச்சு வைத்து, தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, சுவரில் மாட்டுகிற தலையாக்கிக் கொடுப்பார்கள்.

முதல் நாள் அவரைக் கொண்டுபோய் விட்டவன் நான். கதவைத் திறந்தால் இரண்டு காலில் நிற்கிற கரடி. அதற்குப் பின்னால் வாயைப் பிளந்த சிங்கம். நான் ஒரு அடி பின்னால் போய்விட்டேன். கொம்பர் உள்ளே போனார். கரடிக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துப் பாண் சாப்பிட்டார். பிறகு ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்.

"அண்ணை, உங்களுக்குப் பயமாயில்லையோ?"

"செத்ததுகள் என்ன செய்யும் தம்பி? உயிரோட இருக்கிறதுகளுக்குத்தான் நான் பயம்."

அன்றிலிருந்து அந்தப் பட்டறைதான் அவர் பயமில்லாமல் மூச்சு விடுகிற ஒரே இடம். பயிற்சிக்குப் போனவர் நிரந்தர வேலைக்காரரானார்.

ஒரு வில்லங்கம் இருந்தது. பாடம் செய்கிற வேலையில் உயிர் இருப்பது கண்ணில். கண்ணாடிக் கண்ணைப் பதித்து, சுற்றிக் களிமண் வைத்து, இமைத்தோலை மெல்லிய கம்பியால் உள்ளே தள்ளித் தள்ளித்தான் பார்வையைக் கொண்டுவர வேண்டும். கொம்பருக்குக் கை நல்ல நுட்பம். ஆனால் அவர் கண் வைத்த மிருகம் எல்லாம் பயந்துபோய்ப் பார்த்தது! சிங்கம் அகதி விசாரணைக்கு வந்து வெளியில் காத்திருக்கிற மாதிரி இருந்தது. எருமை தன்னை யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட மாதிரி இருந்தது. வீட்டுத் தரகர் ஒருவர் தன் சிங்கத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். "இவ்வளவு செலவழித்துச் சுட்டேன். வருகிற விருந்தாளிகள் இதற்கு என்ன வருத்தம் என்று கேட்கிறார்கள்" என்று சத்தம் போட்டார்.

முதலாளி வயதான டெனிஷ்காரர், நல்ல மனிதர். அதற்குப் பிறகு கண் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் கண்கள் மறுபடியும் கொம்பரிடமே வந்து சேர்ந்தன.

தலைகளோடு பழகப் பழகக் கொம்பருக்கு ஒரு கொள்கையும் வந்துவிட்டது. பிறந்தநாள் வீடு, செத்தவீடு, எங்கே கண்டாலும் பிடித்துவைத்துச் சொல்வார். தூர தேசத்து மலை ஒன்றில் முறுக்குக் கொம்புள்ள காட்டாடு இருக்கிறது, மார்க்கோர் என்று பெயர், அழிந்துபோகிற நிலைக்கு வந்தது. இப்போது வருடத்துக்குச் சில கிழட்டுக் கடாக்களை மட்டும் வெளிநாட்டுக்காரர் சுட விடுகிறார்கள். அதற்குப் பெருந்தொகை. அதில் பெரும்பங்கு அந்த மலைச் சனத்துக்கு.

"முந்திச் சும்மா சுட்டுத் திண்ட சனம், இப்ப காவல் நிக்குது. ஒண்டு போகுது, மிச்சம் பெருகுது. சுடுறவன்ர காசு இல்லாட்டி அந்த ஆடே இல்லை, விளங்குதோ?"

ஒரு பிறந்தநாள் வீட்டில் எங்கள் ஆட்களுக்கு விளங்கியது வேறு. "ஒரு ஆட்டுக்கு வீடு வாங்கிற காசோ? இறைச்சி ஆருக்கு அண்ணை?"

"அதுவும் ஊர்ச் சனத்துக்கு."

"அப்ப காசு குடுத்தவருக்கு?"

"தலை."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மார்க்கோரைப் பற்றிக் கதைக்கவில்லை. காசு கொடுத்துத் தலையை மட்டும் கொண்டுவந்த மனிதரைப் பற்றியே கதைத்துச் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் என் மகள் ஜெனி. எஸ்பியர்க் நகரத்தில் படிக்கிறாள், வேட்டைக்கு எதிரான மாணவர் குழுவில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் கொம்பரோடு வாதம். இவர் தமிழில் சொல்ல அவள் டெனிஷில் வெட்டுவாள். "காசு கொடுத்தால் கொல்லலாம் என்றால், காசு இல்லாத நாளில் யார் காவல் நிற்பார்?" என்பாள். கொம்பர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "உம்மட மகள் கண்ணைப் பாத்துக் கேக்கிறாள் தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று எழும்பிப் போய்விடுவார்.

இந்த நிலைமையில்தான், வேட்டைத் தலைகளை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை வரவேண்டும் என்ற பேச்சு பலமாக எழுந்தது. முதலாளி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: தலைகள் வராவிட்டால் பட்டறைக் கதவு பூட்டு. அன்று கொம்பர் என் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் வந்து நின்ற கோலத்தை நான் மறக்கமாட்டேன். உட்காரவில்லை.

"வேற வேலை கிடைக்கும் அண்ணை."

"வேலை கிடைக்கும். பயமில்லாமல் இருக்க வேற இடம் கிடைக்குமோ?"

நான் ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கம் வைத்தேன்.

எஸ்பியர்க் நூலக மண்டபத்தில் பொதுக்கூட்டம். நடத்துவது ஜெனியின் குழு. எதிர்ப்பக்க நியாயத்தையும் கேட்போம் என்று பட்டறைக்கும் அழைப்பு. முதலாளிக்கு அந்த வாரம்தான் இடுப்பில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. "நீதான் போக வேண்டும்" என்றார் கொம்பரிடம். "உன் மேசையில் இருக்கிற மார்க்கோர் தலையைக் கொண்டுபோய்க் காட்டு. அதைச் சுட்ட சொந்தக்காரரும் எஸ்பியர்க்தான், கூட்டத்துக்கு வருவார், அங்கேயே கொடுத்துவிடு. ஆனால் அதன் முகத்தில் ஒரு கம்பீரம் இருக்க வேண்டும். பயந்த முகத்தோடு போனாயோ, நம் கதை முடிந்தது."

மேடை, ஒலிவாங்கி, டெனிஷ், சனக்கூட்டம். கொம்பரின் பயங்கள் எல்லாம் ஒரே அறையில். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் ஏன் ஓம், வாறன் என்றேன் என்று இன்றுவரை தெரியாது.

கொம்பர் மனைவியின் பூப்போட்ட கட்டில் விரிப்பால் தலையைச் சுற்றிக்கொண்டு ரயிலேறினோம். முறுக்குக் கொம்புகள் இரண்டும் விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ரிக்கெற் பார்க்கிறவர் வந்தார்.

"இது என்ன?"

பயம் வந்தால் கொம்பருக்கு டெனிஷ் மறந்துபோகும். நான்தான் சொன்னேன். "ஆடு."

"உயிரோடா?"

"இல்லை."

"அப்படியானால் ரிக்கெற் தேவையில்லை" என்று போய்விட்டார்.

எதிரில் ஒரு வயதான டெனிஷ் அம்மா. கொஞ்ச நேரம் கொம்பைப் பார்த்தார், பிறகு மெல்ல விரிப்பின் நுனியைத் தூக்கி உள்ளே பார்த்தார். முகம் மாறிவிட்டது. விரிப்பை இழுத்து மூடி, குளிருகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரத்தைச் செருகிவிட்டு, "பாவம்" என்றார்.

நானும் தூக்கிப் பார்த்தேன். தாடியும் கொம்பும் ராசா மாதிரி. நடுவில் அந்தக் கண்கள்! இதோ சுடப் போகிறார்கள் என்று அப்போதுதான் கண்டுபிடித்த பார்வை.

"அண்ணை, பட்டறைக்குப் பூட்டுப் போட நீங்களே சாவி கொண்டுபோறியள்."

"மாத்தி மாத்தி வைச்சுப் பாத்திட்டன். வருகுதில்லை."

"ஒரு பெருமையான பார்வை வைக்கேலாதோ?"

"அதை நான் எங்க கண்டனான், வைக்கிறதுக்கு?"

பாதி வழிகூடத் தாண்டவில்லை, இறங்கித் திரும்பிப் போவோமா என்று கேட்டேன். கேட்டது நான், கொம்பர் இல்லை. அவர் பேசாமல் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஜெனி. மேசையில் தலையை வைத்துக் கொம்பர் விரிப்பை எடுத்தார். சனம் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கடைசி வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் கதவு மாதிரி அகன்ற தோளுள்ள ஒரு டெனிஷ்காரர், தொப்பியோடு. தலையைக் கண்டதும் கதிரையில் முன்னுக்கு வந்தார். இவர்தான் சொந்தக்காரர் என்று விளங்கியதும் நான் வெளிவாசல் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

கொம்பர் எழுதிவந்த பேச்சை வாசித்தார். முதல் வசனத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். மலைச் சனத்தையும் காவலையும் பற்றி ஏதோ சொல்லி முடித்தார். ஜெனி எழும்பினாள். என் பிள்ளைதான், ஆனாலும் உட்காரடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"நீங்கள் சொல்வது இவ்வளவு நல்ல காரியம் என்றால், இது ஏன் இவ்வளவு பயந்து பார்க்கிறது?"

முடிந்தது என்று நினைத்தேன். கொம்பர் கடதாசியை மடித்தார். சனத்தைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். டெனிஷில்தான் சொன்னார், நான் அவருடைய தமிழிலேயே தருகிறேன்.

"பயந்தது, அதால அப்பிடிப் பாக்குது. சுடுறதுக்கு வரிசையில நிப்பாட்டின ஆக்களை நான் ஊரில கண்டிருக்கிறன். ஒருத்தற்ற முகத்திலயும் கம்பீரம் இல்லை. நானும் ஒருக்கா அந்த வரிசையில நிண்டு தப்பினனான், எனக்கும் இருந்திராது. இது செத்ததால மலையில மிச்சம் நிக்குது, அது உண்மை. இது பயந்து செத்தது, அதுவும் உண்மை. காசு குடுத்து முதலாவதைச் செய்யலாம். ரெண்டாவதை மறைச்சுத் தா எண்டால் எனக்கு அந்த வேலை தெரியாது."

"பயந்தது என்று தெரிந்தும் சுடலாமா?" என்றாள் ஜெனி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை, பிள்ளை."

என் பக்கத்துத் தோள்காரர் எழும்பினார். நேரே மேடைக்கு நடந்தார். அவர் கொம்பரை அடிக்கப் போகிறார் என்றே நம்பினேன். போய்த் தடுக்க வேண்டும் என்றும் நினைத்தேன், ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் தலைக்கு முன்னால் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"ஆம். இப்படித்தான் பார்த்தது" என்றார்.

தொப்பியைக் கையில் பிடித்தபடி கொம்பரிடம் கேட்டார், "இதை நான் வீட்டில் எங்கே மாட்டுவது?"

"சாப்பிடுற இடத்தில வேண்டாம்" என்றார் கொம்பர்.

கூட்டம் கலைந்ததும் ஜெனி வந்து பூப்போட்ட விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், கொம்பர் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் உதறி மடித்தார்கள். "நான் இப்பவும் ஒத்துக்கொள்ளேல்லை மாமா" என்றாள். "தெரியும் பிள்ளை. நானும் பாதிதான்" என்றார் அவர். அவள் இன்றைக்கும் தடைக்குக் கையெழுத்து வாங்கித் திரிகிறாள். தடை வருமா வராதா என்று இன்னும் தெரியவில்லை. வாடிக்கையாளர் சிலர் வராமல் நின்றுவிட்டார்கள். பட்டறை திறந்திருக்குமோ என்ற பயத்தோடுதான் கொம்பர் காலையில் போகிறார், திறந்திருந்தால் உள்ளே போய்ப் பயமில்லாமல் இருக்கிறார்.

போன மாதம் நெஞ்சில் ஒரு சோதனைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் எனக்கு நாள் தந்தார்கள். மனைவிக்குச் சொல்ல முதல் கொம்பருக்குத்தான் போன் எடுத்தேன். "நான் வாறன்" என்றார். வந்தார், லிப்டில் ஏறாமல், ஆஸ்பத்திரிப் படி முழுதும் ஏறி, வேர்த்து விறுவிறுத்து. என் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாகப் பயந்தார். எனக்கு அது போதுமாயிருந்தது.