எல்லாவற்றுக்கும் அரண் என்று பெயர்

"பேரைச் சொல்லுங்க. பேர் இல்லாம எதையும் உள்ள விட முடியாது" என்றார் நிர்வாக அதிகாரி.

"ஸ்கேன்படம்" என்றாள் ஒயர் அக்கா.

"அது வேலையோட பேரும்மா. நான் கேக்கிறது அங்கீகரிக்கப்பட்ட பேரு."

மருத்துவமனையின் கணினி சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஒயரைத் தொடுகிற வேலையே அவளுக்கு இல்லை. ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சர்வருக்குள் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. எந்த மென்பொருள் எந்த இடத்தைத் தொடலாம் என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாததைத் தொட விடாது. புதிதாக ஒன்றை அனுமதிக்க, ஒரு சிறு விதித்தொகுப்பு எழுதி, பெயர் வைத்து, நிறுவ வேண்டும். புதிய ஸ்கேன் மெஷினைப் பற்றிக் காவலிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தையல்காரர் ஒருவருடைய மனைவியின் வயிற்றை அது படமெடுத்தது. படத்தைச் சேமிக்கப் போன இடத்தில் காவல் மறித்துவிட்டது. படம் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார் சர்ஜன். அந்த அம்மாள் தாழ்வாரத்தில், ஸ்ட்ரெச்சரில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

விதியை எழுத ஒயர் அக்காவுக்கு ஒரு டீ ஆறும் நேரம் போதுமாயிருந்தது. பெயருக்காகத்தான் பெயர்சூட்டுக் குழு அவசரமாகக் கூடியிருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஆலோசகர். "ஒரே நிறுவனம், ஒரே பெயர். இதுக்கும் அரண்னே வைங்க."

மலைவாசத் தலமொன்றில் நடந்த பயிலரங்கிலிருந்து அவர் கொண்டுவந்த கொள்கை அது. அப்போது எங்கும் அதுதான் பேச்சு. வங்கிகளெல்லாம் மாறிவிட்டன என்று மருத்துவமனைகளில் சொன்னார்கள். மருத்துவமனைகளெல்லாம் மாறிவிட்டன என்று வங்கிகளில் சொன்னார்கள்.

"சார், ஒரே பேர்ல இன்னொண்ணு போட்டா, முன்னாடி போட்டது போயிடும். புதுசு பழசோட இடத்துல உக்காந்துக்கும்."

"இப்ப அரண்ல என்ன இருக்கு?"

"ஊழியர் கைரேகை வருகைப் பதிவு."

நிர்வாக அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"போன வாரம் மருந்தகத்துக்கு ஒண்ணு போட்டீங்களே?"

"கைரேகைக்குப் போட்டப்போ அது போச்சு. அதான் மருந்தகத்துல கையால எழுதிட்டிருக்காங்க."

"நான் அதை எளிமைன்னு நினைச்சேன்" என்றார் நிர்வாக அதிகாரி.

"எல்லா விதியையும் ஒரே தொகுப்புல சேர்த்து எழுதிடறேனே?"

ஆலோசகர் காதில் காய்ச்சிய ஈயம் விழுந்ததுபோல முகத்தைச் சுளித்தார். "கலப்படம்! ஒரு தொகுப்புக்கு ஒரு நோக்கம்தான் இருக்கணும். தணிக்கையில நிக்காது."

தையல்காரர் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். "ஐயா, ரொம்ப வலிக்குதுங்கறா."

"உங்க விஷயமாத்தான் உக்காந்திருக்கோம். பேர் வைக்கிற காரியம், அவசரப்படக் கூடாது" என்றார் நிர்வாக அதிகாரி.

நீண்ட ஆலோசனைக்குப் பின் குழு முறை வைத்தது. ஊழியர்கள் வரும்போதும் போகும்போதும் அரண் கைரேகைக்கு. கடைசி ஊழியர் போனதாகப் பதிவானதும் ஸ்கேனுக்கு.

"அப்போ சர்ஜன் இருப்பாருங்களா?" என்றார் தையல்காரர்.

"அவர் கிளம்பினது துல்லியமாப் பதிவாகியிருக்கும். அதுல சந்தேகமே வேண்டாம்" என்றார் ஆலோசகர்.

அந்த நேரத்தில் சர்ஜனே உள்ளே வந்தார். உட்காரவில்லை. "ஏம்மா, அந்தக் காவலைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்க முடியாதா?"

"முடியும் சார். தடுக்காதே, குறிச்சு மட்டும் வச்சுக்கோன்னு சொல்லலாம். ஒரே வரி."

"அந்த வரிக்குப் பேர் என்ன?" என்று ஆலோசகர் கலவரத்தோடு கேட்டார்.

"பேரே கிடையாது. புதுசா எதையும் நிறுவலையே."

ஆலோசகர், நிர்வாக அதிகாரி இருவர் முகமும் தெளிந்தது. பெயர் இல்லாதது பெயர்சூட்டுக் குழுவின் அதிகார வரம்புக்குள் வராது. எனவே ஆட்சேபணை ஏதுமில்லை என்று ஏகமனதாகப் பதிவு செய்தார்கள்.

"ஆனா சார், அப்புறம் யார் எதைத் தொட்டாலும் கேக்க ஆளிருக்காது."

"இன்னைக்கு ஒரு நாள்தானே" என்றார் சர்ஜன்.

"போடுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் கதவருகே தையல்காரர்.

போட்டாள். படம் வந்தது. குடல்வால் வெடிக்கிற பதத்தில் இருந்தது. வெடிப்பதற்குள் சர்ஜன் எடுத்துவிட்டார். கைரேகையும் ஓடியது, மருந்தகத்தில் அச்சுச் சீட்டும் வர ஆரம்பித்தது. எல்லாம் ஒரே நேரத்தில் ஒழுங்காக நடந்ததால், பெயரின் பலன் என்று நிர்வாகம் முடிவு செய்தது. காவல் தடுக்காமல் குறித்து மட்டும் வைத்த அத்துமீறல்களின் பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. அந்த நீளத்தையே விழிப்புக்குச் சான்றாகக் காட்டி ஆலோசகர் ஒரு விருது வாங்கினார். மற்ற மருத்துவமனைகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

காவலை மறுபடி எழுப்பலாமா என்று ஒயர் அக்கா ஒருமுறை கேட்டாள். நன்றாக ஓடுவதை எதற்கு எழுப்புகிறாய் என்றார்கள். அவளும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவளுடைய போன் அடிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது.

தையல் பிரிக்கும் நாளில் தையல்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடம் நிரம்பியிருந்தது. யார் முறை எப்போது என்று காட்டுகிற தொடுதிரையில் அவள் பெயர் கடைசியில் இருந்தது. பார்க்க மட்டும் அனுமதியுள்ள திரை அது; தொட்டு மாற்றப் போனால் காவல்தான் மறிக்க வேண்டும்.

"ரொம்ப நேரமாகுமாங்க?" என்றாள் பெஞ்சிலிருந்து.

எத்தனையாவது என்று எண்ணுவதற்காக அவர் அவள் பெயர்மேல் விரல் வைத்தார். விரலோடு பெயரும் நகர்ந்தது. அவர் விரலை எடுத்தார். பிறகு மறுபடி வைத்து, மெதுவாக மேலே தள்ளினார். எல்லாவற்றுக்கும் மேலே போனதும் நிறுத்தினார்.

"இல்ல, இதோ கூப்பிடுவாங்க" என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

எதிர் பெஞ்சில் இருந்தவள் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, தூங்குகிற குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.