மாமனார் எடுத்த கல்யாணப் படங்கள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், இந்தக் கடிதம் கைக்கு வரும் வரையில்.

கல்யாணப் படம் கழுவியாச்சா என்று உங்கள் அப்பா தினமும் ஃபோன் செய்கிறார். அவர் கேட்பது மணமக்கள் படத்தை அல்ல. பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத உங்கள் பெரியப்பாவும் அவரும் தோளில் கைபோட்டுச் சிரித்த அந்த ஒரு படத்தை. "அண்ணனுக்கும் ஒண்ணு போடுங்க சம்பந்தி. அதைக் குடுக்கிற சாக்குல அவர் வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவேன்" என்கிறார். "நாளைக்கு" என்று சொல்லி நானும் தினமும் ஃபோனை வைத்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பேசி வைத்த போட்டோகிராஃபரை, "நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று திருப்பி அனுப்பியவன் நான்தான். ஒரே கம்பெனியின் கேமராக்களை ஷோரூமில் முப்பது வருஷம் விற்றவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? தையல் மெஷினுக்குப் பெட்டி செய்துகொண்டிருந்த கம்பெனி, ஒரு பெட்டியில் கண்ணாடி பொருத்தி முதல் கேமராவைப் போட்டது, அப்புறம் மடக்குகிற கேமரா, கைப்பையில் அடங்குகிற கேமரா, தண்ணீருக்குள் எடுக்கிற கேமரா, எடுத்த கையோடு படத்தை வெளியே தள்ளுகிற கேமரா என்று உங்கள் அப்பாவையும் பெரியப்பாவையும் மண்டபத்தில் நிற்க வைத்து விளக்கினேன். தண்ணீர் கேமராவுக்கு வந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், சிரிப்பு பீறிட்டது, தோளில் கை விழுந்தது, நானும் பட்டென்று பொத்தானை அழுத்தினேன். ஆனால் பாருங்கள், வாடிக்கையாளருக்கு எடுத்துக் காட்டுகிற கேமராவில் நாங்கள் ஃபிலிம் போடுவதில்லை. சிரிங்க என்போம், அழுத்துவோம், பில் போடுவோம். கை அதற்கே பழகிப்போச்சு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், ஃபிலிம் சுருள் பிரிக்காம அப்படியே பையில கெடக்கு. கல்யாணம் பூரா வெறும் கேமராவுலதான் அழுத்தியிருக்கேன் மாப்பிள்ளை.

ஆகவே அண்ணனையும் தம்பியையும் எப்படியாவது மறுபடி ஒன்றாக நிறுத்துங்கள். நான் அடுத்த வண்டி பிடித்து வந்துவிடுகிறேன். என் மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவளுக்கு என் ஆசி, உங்களுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
தலை நிமிராத மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் தப்பு. கேமராவில் ஃபிலிம் இருந்திருக்கிறது. "உங்க லட்சணம் தெரியாதா எனக்கு? காலையிலேயே நான் ஒண்ணு போட்டு வச்சேன்" என்கிறாள் உங்கள் அத்தை. அவள் இதைச் சொன்னபோது, உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுக்குக் காட்டுவதற்காக, நான் ஜன்னலோரம் நல்ல வெயிலில் பின்மூடியைத் திறந்து பிடித்திருந்தேன். வெயில் பட்ட ஃபிலிமில் ஒரு முகமும் தேறாது. அடுத்த படத்தை எடுக்க அத்தையே வருகிறாளாம். என்னை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.