மேசை போன இடமெல்லாம் வைஃபை

திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறந்து மூன்று நாளான பேத்தியின் நெற்றி மட்டும் வந்திருந்தது. மூக்கு வருவதற்குள் படம் நின்றுவிட்டது.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த மனிதரை ஊரே இன்னும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் இருப்பது பழைய பட்டன் போன். பேத்தியைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று காலையில்தான் கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தார்.

மனைவி கையிலிருந்த போனில் மகளின் குரல் கேட்டது. "அப்பா, பாப்பா கண்ணைத் திறந்துட்டா! தெரியுதா?"

"நெத்தி தெரியுதும்மா. நல்ல நெத்தி."

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர், படம் நின்றால் மேசையை இடம் மாற்றிப் போடச் சொல்லியிருந்தார். டிரைவர் அதை ஜன்னல் பக்கம் இழுத்தார். தரை அலறியது.

"வரலாம், வரலாம்... ஹோல்டான்!" என்றாள் மனைவி.

இழுத்து முடித்தபோது நெற்றியும் போய்விட்டது.

"பொண்ணு அப்போ வாங்கி வெச்ச நம்ம வைஃபை பெட்டியை ஒரு தட்டு தட்டட்டுமா?"

"ஐயோ வேண்டாம்! அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள் அவசரமாக. "கொஞ்சம் பொறுங்களேன்."

பொறுமைக்கும் டிரைவருக்கும் ஏழாம் பொருத்தம். மேசை சமையலறைக்குப் போனது. மாவு டப்பா கவிழ்ந்து கம்ப்யூட்டருக்குப் பவுடர் பூசியது. இணைப்பு மட்டும் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. ஏணியை உடைத்தது யார் என்ற சண்டையில் ஒரு வருடமாகப் பேச்சில்லை. அங்கிருந்து தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"பாத்தியா? என் பேத்தியை நான் பார்க்கப் போறேன்னு அண்ணனுக்கு வயித்தெரிச்சல். வேணும்னே சத்தம் போடுறாரு!"

கோபத்தில் மேசையைத் தள்ளிக்கொண்டு குளியலறை வாசலுக்கே வந்துவிட்டார். திரை இருண்டு கிடந்தது.

"அப்பா, அவளுக்குத் தூக்கம் வருதுப்பா..."

டிரைவர் அப்படியே மேசையில் சாய்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வேலைக்கு ஒரு நாள் லேட்டா போனதில்லையே நான். என் பேத்திகிட்ட போய்..."

பின்வாசல் கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க அண்ணி உள்ளே வந்தாள். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே மேசையை நகர்த்தாதீங்க!"

"என் வீடு, என் மேசை. உங்களுக்கு என்ன அண்ணி?"

"உங்க வீட்டுப் பெட்டி கெட்டுப்போய் மாசக்கணக்காச்சு, நீங்க பார்க்கிறது உங்க வீட்டுக்காரி கேட்டு வாங்கின எங்க வீட்டு வைஃபைல, மேசை இழுக்கிற சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும், 'என் தம்பிக்குக் குழந்தை முகம் தெரியணும்'னு உங்க அண்ணன் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் ஓடுறாரு!"