கொரியா அண்ணன் எடுத்த கல்யாண வீடியோ

கல்யாண வீடியோ பார்த்துவிட்டுப் பயந்துபோய்க் குலசாமிக்கு நேர்ந்துகொண்ட குடும்பங்கள் உலகத்திலேயே எங்கள் சின்னமனூரில் மட்டும்தான் இருக்க முடியும். காரணம், கொரியா அண்ணன்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். கொரியாவில் பேய்ப் படமும் மர்மப் படமுமாக எடுக்கும் ஓர் இயக்குநர்தான் அவருக்கு எல்லாம். அந்த இயக்குநரின் முதல் இரண்டு படங்களும் ஊத்திக்கொண்டபோது இங்கே அண்ணன் தாடி வளர்த்தார். மூன்றாவது படத்துக்கு எங்கோ பரிசு கிடைத்ததும் பஸ் ஸ்டாண்டில் நின்று அல்வா கொடுத்தார். என்ன குழந்தை என்று கேட்டவர்களிடம், திகில் படம் என்றார். அப்புறம் அந்த இயக்குநர் மாறுதலுக்கு ஒரு காதல் படம் எடுத்துத் தொலைத்தார். சொந்தத் தம்பி கெட்டுப்போன மாதிரி அண்ணன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

அங்கே அவர் செய்வதையெல்லாம் இங்கே அடுத்த முகூர்த்தத்திலேயே அண்ணன் செய்துபார்ப்பார். வாசலில் கட்டிய வாழைமரம் யாரோ ஒளிந்து நிற்பதுபோலத் தெரியும். மணப்பெண் கூந்தலை விரித்துப்போட்டு மெதுவாகத் திரும்புவாள். தன் நலங்கு வீடியோவைப் பார்த்த மாப்பிள்ளை ஒருவர் மறுநாளே தாயத்து கட்டிக்கொண்டார். ஆனாலும் ஊர் அண்ணனைத்தான் கூப்பிடும். பந்தியில் ஆள் குறைந்தால் கேமராவை வைத்துவிட்டு சாம்பார் வாளியைத் தூக்குகிற மனுஷனை எப்படி விடுவது?

என் கல்யாணத்துக்கும் அவர்தான். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் ஆண்டிபட்டி மாமா பெயரைப் போட அப்பா மறந்துவிட்டார். அம்மாவின் ஒரே தம்பி. அன்றிலிருந்து ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா நேரில் போய் அழைத்தும் அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் கல்யாணத்தன்று தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினார். நான் அண்ணனிடம் ஓடி, மாமா முகம் நன்றாக விழ வேண்டும் என்று கெஞ்சினேன். "கவலைய விடு தம்பி" என்றார். அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து கொரியா அண்ணன் எங்கள் வீட்டில் வீடியோவைப் போட்டுக் காட்டிய அன்று மாமாவும் குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் பக்கம் கல்யாண வீடியோ பார்ப்பது, யார் முகம் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். திரையில் சீர் வந்தது. மேளச் சத்தம் சட்டென்று நின்றது. காலடிச் சத்தம் மட்டும். இரண்டு கால்கள். ஒரு தாம்பாளம். சுவரில் நிழல். நடுநடுவே அம்மா முகம். மாமா முகத்தைக் காணோம்.

"அக்கா வீட்டுல ஒங்க காலுக்கு மட்டுந்தான் மரியாதையாக்கும்" என்றாள் அத்தை.

மாமா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். தம்பி இன்னொரு தடவை போய்விடுவான் என்று அம்மா பதறி எழுந்தாள். கொரியா அண்ணன் வாசலுக்குப் போய்ச் செருப்பையே மாட்டிக்கொண்டார்.

"ஏண்ணே இப்பிடிப் பண்ணுனீக?" என்றேன்.

"வர்ற ஆளக் காட்டாத, அவுகளுக்காகக் காத்துக் கெடக்குற மொகத்தக் காட்டுன்னுதான் தம்பி அந்தக் கொரியாக்காரரு அத்தன படத்துலயும் சொல்றாக."

திரும்பிப் பார்த்தேன். மாமா நின்றபடியே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அம்மா மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காலடி நெருங்க நெருங்க அவள் உதடு துடிக்கிறது. கடைசியில் திரை நிறைய மாமா முகம். அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

மாமா மெல்ல உட்கார்ந்தார்.

"அக்கா, நான் வர மாட்டேன்னா நெனச்ச?"

"நீ வர்ற வரைக்கும் தெரியலையேடா."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலடிச் சத்தத்திலிருந்து திரும்பப் போடச் சொன்னார். நான்கு தடவை பார்த்தார். தை மாதம் தன் மகள் கல்யாணத்தையும் அண்ணனே எடுக்க வேண்டும் என்றும், மாப்பிள்ளை முகத்தை மட்டும் முதலிலேயே காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அண்ணன்.

நான் வாசலுக்குப் போய் அவரை இறுகக் கட்டிக்கொண்டேன். ஊரையே பயமுறுத்திய மனுஷன் என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.