வெள்ளை வேட்டி கட்டிய குழந்தை

அபிராமபுரம், சென்னை
ஞாயிறு, இரவு பன்னிரண்டுக்குக் கால் மணி குறைவு

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மருமகள் காவேரி வணங்கி எழுதுவது. இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்கணும். தமிழ்நிலா தூங்கிய பிறகுதான் எனக்கு என் கையும் தலையும் திரும்பக் கிடைக்கின்றன. போனில் சொல்லலாம் என்றால், இந்த வீட்டில் சமையலறையில் பெருமூச்சு விட்டால் ஹாலில் படுத்திருக்கும் மாமாவுக்குக் கேட்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான், உங்கள் பிள்ளை, உங்கள் பேத்தி மூன்று பேரும் சௌக்கியம். மாமாவும் உடம்பளவில் சௌக்கியம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் துறையூர் திரும்புவதாக மாமா உங்களிடம் சொல்லியிருப்பார். காரணம் சொல்லியிருக்க மாட்டார். காரணம் நான்தான். ஐந்து வருஷம் கழித்து அடுத்த மாதம் இரண்டாம் தேதி நான் மறுபடி வேலைக்குப் போகிறேன், அடையாறில். தமிழ்நிலாவின் ஸ்கூலும் அங்கேதான், ஆனால் பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். ஏப்ரல் வரை மாமா இருந்து தினமும் கூட்டி வருவார் என்ற தைரியத்தில்தான் வேலைக்குச் சரி என்றேன். அவர் கிளம்பிவிட்டால் எனக்கு வேலை இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்கள்தான் அவரை இருக்கச் சொல்லணும்.

மாமா வந்து இறங்கும்போதே சட்டைப்பையில் ஒரு பேப்பர் கட்டிங் வைத்திருந்தார். குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கச் சென்னையைப் போல இதமான ஊர் இல்லை என்று அதில் போட்டிருந்தது. அதை எழுதியவர் தன் மாமனாரோடு எங்கேயும் போனதில்லை என்பது என் அபிப்பிராயம். முதல் நாள் மயிலாப்பூர். நான் சுண்டல் வாங்கித் திரும்புவதற்குள் மாமா குளத்தைச் சுற்றக் கிளம்பிவிட்டார், நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன், அவர் எங்களைக் காணோமே என்று வேகமாக நடந்தார், நானும் வேகமாக நடந்தேன், மூன்றாவது சுற்றில் பூக்காரம்மாவே கூப்பிட்டு, "ஒரே எடத்துல நில்லும்மா, அவரே வருவாரு, குளம் எங்கயும் போவாது" என்றார். நின்றேன், வந்தார். இரண்டாம் நாள் தி.நகர். ரங்கநாதன் தெருவில் உள்ளே போனவரை முக்கால் மணி நேரம் காணவில்லை. போன் அவரிடம்தான் இருக்கிறது, ஆனால் சார்ஜ் வீணாகக் கூடாது என்று அணைத்து வைத்திருப்பார், உங்களுக்கே தெரியும். கடைசியில் ஒரு பாத்திரக் கடையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு கல்யாண வீட்டாருக்குக் குக்கர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். "மூணு லிட்டர் எதுக்கு? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல நாலு பேர் வந்தா என்ன பண்ணுவீங்க?" கடைக்காரர் அவரைப் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்திருக்கிறார், பெண் வீட்டார் அவரைக் கடை முதலாளி என்று நினைத்திருக்கிறார்கள், இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத்தான் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நேற்று காணும் பொங்கலுக்கு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனபோது என் மனநிலை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியணும். ஊரே அங்கே இருந்தது. கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாது என்று போலீஸ்காரர்கள் பந்தல் போட்டு, பேரையும் பெற்றோர் போன் நம்பரையும் எழுதி ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு டேக் கட்டிவிடுகிறார்கள். ஜான்சி என்று ஒரு பெண் கான்ஸ்டபிள். தமிழ்நிலாவுக்குக் கட்டிவிட்டு, "எத்தனை பசங்கம்மா?" என்று கேட்டார். நான் "ரெண்டு" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது, மறுக்கவில்லை. "பேரு?" "பஞ்சாட்சரம்." "பரவால்லியே, இந்தக் காலத்துல இப்படிப் பேர் வெக்கிறீங்களே" என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்.

அதை மாமா கையில் எப்படிக் கட்டுவது? "பீச்சுக்குள்ள போக பாஸ், மாமா" என்று சொல்லிவிட்டேன். தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். பாஸ் என்றதும் வலது கையை நீட்டினார். "வரிசை எண் போடலையே?" என்று மட்டும் கேட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை அத்தை. நாங்கள் குழந்தைக்கு மிளகாய் பஜ்ஜி வேண்டாம், சோளம் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மாமா வெறுங்கையோடு வந்த பெரியவர்களை எல்லாம் நிறுத்தி, "பாஸ் வாங்கலையா? அதோ பந்தல், போய் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். அவர் குரலைத்தான் உங்களுக்குத் தெரியுமே. இருபது பேர் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஜான்சி மேடம் ஒவ்வொருவரிடமும், "சார், இது கொழந்தைங்களுக்கு சார்" என்று சொல்லித் தொண்டை கட்டிப்போனார். இதற்குள் மாமா படகுகளைப் பார்க்கலாமென்று ஊரூர் குப்பம் பக்கம் நடந்துவிட்டார். அங்கே கங்கம்மா என்று மீன் விற்கிற அம்மா, அவர் கையைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, காணாப் பூட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் காணாமப் போகலை. என்கிட்ட பாஸ் இருக்கு."

"பாஸா? நம்பர் கட்டி உட்ருக்காங்க நைனா, பசங்களுக்குக் கட்டுவாங்களே, அது. வா, வா, கூவாத. உன் பொண்ணு தேடிக்கினு கீதோ இன்னாவோ."

கையைப் பிடித்துப் பந்தலுக்கே கூட்டி வந்துவிட்டார். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் தண்ணீர் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன், போன் அடித்தது காதில் விழவில்லை. ஒலிபெருக்கிதான் கேட்டது. போலீஸ் கண்காணிப்பு மேடையில் உட்கார்ந்து அறிவிக்கிறவர் சீட்டைப் பார்த்துப் படிக்கிறவர், ஆளைப் பார்க்கிறவர் இல்லை. "பஞ்சாட்சரம் என்கிற குழந்தை கண்டெடுக்கப்பட்டுள்ளது. வெள்ளை வேட்டி கட்டியுள்ளது. குழந்தை அழவில்லை, கோபமாக உள்ளது. பெற்றோர் உடனே வரவும்." மூன்று முறை சொன்னார்கள். பீச் முழுக்க "அச்சச்சோ, வேட்டியாம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தது.

நான் ஓடிப் போனேன். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு பக்கமும் நிஜமாகத் தொலைந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நடுவில் இருந்தார். ஜான்சி மேடம் என்னைப் பார்த்து, "இதாம்மா உங்க ரெண்டாவது?" என்று கேட்டார். நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். 'பெற்றோர்' என்ற கட்டத்தைப் பார்த்து நான் தயங்கினேன். மாமாதான், "போடும்மா. பதிவேட்டுல கட்டம் காலியா இருக்கக் கூடாது" என்றார். போட்டேன். சட்டப்படி இப்போது நான் அவருக்கு என்ன உறவு என்று தெரியவில்லை. உங்கள் பிள்ளை சிரித்துவிட்டார், அது நிலைமைக்கு உதவவில்லை. ஆட்டோவில் வரும்போது தமிழ்நிலா வேறு, "தாத்தா, தொலைஞ்சா அழணும். நீ ஏன் அழலை?" என்று வீடு வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். மாமா சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "பயமா இருக்கு மாமா, கட்டிக்கங்கன்னு சொல்லியிருந்தா நானே கையை நீட்டியிருப்பேன். பாஸ்னு சொன்ன பாரு. என் வார்த்தையை நம்பி இருபது பேர் வெயில்ல நின்னாங்க. சர்வீஸ்ல ஒரு ஆளைக்கூட நான் தப்பான கவுண்டருக்கு அனுப்பினதில்லை" என்றார். பிறகு பையை எடுத்து வேட்டிகளை மடிக்க ஆரம்பித்தார். அத்தை, அவர் சொன்னது நியாயம்.

அதனால்தான் கேட்கிறேன். நான் பயப்படுகிற ஜாதி, பொய் சொல்கிற ஜாதி இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை அவரிடம் சொல்லுங்கள். ஏப்ரல் வரை மட்டும் இருக்கச் சொல்லுங்கள். அவரை நான் இனி எங்கேயும் தேட மாட்டேன்.

தைலம் தேய்க்க மறக்க வேண்டாம். உங்கள் பேத்தி முத்தம் தரச் சொன்னாள், உங்கள் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, நானாக அவர் அன்பையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். எங்களை நினைத்து விளக்கேற்றுங்கள்.

பணிவுள்ள மருமகள்,
காவேரி

பின்குறிப்பு: திங்கள் காலை பத்தரை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஆறு மணிக்கு வாக்கிங் போன மாமா ஒன்பதரை வரை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நான் வாசலில் நிற்கும்போது அவரே போன் செய்தார். "காவேரி, நான் ஊரூர் குப்பத்துல இருக்கேன். இது உன் தகவலுக்காக" என்றார். நேற்று முன்தினம் பந்தலில் காத்திருந்தபோது, கங்கம்மா தன் முதியோர் பென்ஷன் மனு திரும்பி வந்துவிட்டதைச் சொல்லியிருக்கிறார். மாமா அதைத் திருத்தி எழுதப் போனாராம், இப்போது முப்பது பேர் நிற்கிறார்களாம். பின்னால் கங்கம்மா குரல் கேட்டது: "நைனா, அப்பால பேசு, ஜனம் நிக்குது!" வெள்ளிக்கிழமை பஸ் ரத்து. எல்லா மனுவுக்கும் பதில் வரும்வரை சென்னையில்தான் இருப்பாராம். அது எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே வேலை நேரம் பத்திலிருந்து ஐந்து, உணவு இடைவேளை ஒன்றிலிருந்து இரண்டு என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டார். தமிழ்நிலாவுக்குப் பன்னிரண்டரைக்கு ஸ்கூல் விடுமே மாமா என்றேன். "எழுத்து மூலமா கொடு, பரிசீலிக்கிறேன்" என்றார். உணவு இடைவேளையைப் பன்னிரண்டேகாலுக்கு மாற்றச் சொல்லுங்கள் அத்தை. சீக்கிரம் பதில் போடுங்கள்.