புரோலாக்டின் ஏறிய நாள்

காலை ஒன்பது இருபதுக்கு, சேலத்துக் கருத்தரிப்பு மருத்துவமனையின் வாசலில் நான் முதலில் பார்த்தது மடித்துக் கட்டிய ஒரு வெள்ளை வேட்டி. வேட்டிக்கு மேலே என் சின்ன மாமனாரின் முகம் இருந்தது.

நாமக்கல்லில் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தை இல்லாத ஜோடி எந்தப் படி ஏறுகிறது என்பது அங்கே லாரிப் பட்டறை வரை தெரிந்துவிடும். அதனால்தான் ஜவுளி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, புதுச்சத்திரம் தாண்டி வந்திருந்தோம்.

"ஏனுங்க, எங்க சித்தப்பா!" என்று சுமதி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

நான் ஓடினேன். (மனைவியை விட்டுவிட்டா என்று கேட்காதீர்கள். அவள் இன்னும் கேட்கிறாள்.) மூன்று மாடி ஏறி, ரத்தம் எடுக்கும் அறைக்குள் விழுந்தேன். மூச்சு வாங்கியபடியே நர்ஸிடம் கையை நீட்டினேன்.

சாயங்காலம் கைப்பேசியில் முடிவு வந்தது. புரோலாக்டின், அளவுக்கு அதிகம்.

நான் நாளிதழில் உதவி ஆசிரியர். சாரம் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும், மீதியை வெட்டலாம் என்று பழகியவன். இணையத்தில் கிடைத்த கட்டுரையிலும் முதல் பத்தியை மட்டும் படித்தேன். தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் ஹார்மோன். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் உருவாவது. ஆண்களுக்கும் கொஞ்சம் உண்டு. கூடினால் குழந்தைப்பேறு தடைபடலாம். சுரப்பியில் கட்டி இருக்கலாம்.

குளியலறையில் சட்டையைக் கழற்றிப் பார்த்துக்கொண்டேன். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் தலை கனத்தது. கண் மங்கியது. (கண்ணாடி போட மறந்திருந்தேன்.) ஐந்து வருடமாக எல்லாரும் சுமதியைத்தான் கேள்வி கேட்டார்கள். குறை என்னிடம்தானா? அது போதாதென்று நான் செத்தும் போவேனா?

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீ வேற கல்யாணம் பண்ணிக்க."

"மொதல்ல சோத்தத் தின்னுங்க," என்றாள். அவளும் தின்னவில்லை.

மறுநாள் டாக்டரம்மா கேட்டார்: "ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஓடிட்டிருந்தாருங்க," என்றாள் சுமதி.

"எதுக்கு?"

"எங்க சித்தப்பாவப் பாத்துங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பயத்திலும் ஓட்டத்திலும் அந்த ஹார்மோன் ஏறுமாம். அரை மணி நேரம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவு சரியாக இருந்தது. கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பத்தியில் அதுவே இருந்தது.

பொங்கலுக்கு மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது சின்ன மாமனார் சத்தமாகக் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, கூப்பிடக் கூப்பிட அந்தப் படியில அப்படி ஏறுனீங்களே! எம்பட மருமகனக் கூட்டிட்டு வந்திருந்தேன். நீங்க மேல ஓடுனீங்க, உங்களப் பாத்துட்டு அவரு பின்வாசல்ல ஓடிட்டாரு."

சுமதி மிச்சக் கதையைச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் எதற்குப் பயந்தாலும் அவருக்குப் புரோலாக்டின் ஏறிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். தெருநாயைக் கண்டால் என் மகளும், "அப்பா, புரோலாக்டின்!" என்று காலைக் கட்டிக்கொள்கிறாள்.

அவளுக்கு நான்கு வயது.