எறும்புத்தின்னி மிதிக்கத் தகுந்த தெரு

இந்தக் கதையை முதலில் சொன்னவர், திரையரங்குகளில் கிழிந்த இருக்கைகளைத் தைத்துக்கொடுக்கும் தொழிலாளி. பழைய அரங்கம் ஒன்றை மூடுவதற்கு முந்தைய வாரம், இனி யாரும் உட்காரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த இருக்கைகளை, மேலிடத்து உத்தரவு இன்னும் அமலில் இருந்த காரணத்தால் தைத்துக்கொண்டே சொன்னார். பிறகு வேறு சிலர் வாயிலாகவும் கேட்கக் கிடைத்தது. கூற்றுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வேறுபடும் இடங்கள் அங்கங்கே சுட்டப்பட்டுள்ளன.

ஓர் ஊரில் சினிமாவுக்குச் சின்னச் சின்ன ஊர்கள் செய்துகொடுக்கும் ஒருவர் இருந்தார். ராட்சத மிருகங்கள் வந்து துவம்சம் செய்யும் படங்களில், துவம்சமாகும் ஊர் அவர் கைவண்ணம். அட்டை, பலகை, சுண்ணாம்புத் தூள் ஆகியவற்றால் இடுப்பளவு உயரத்துக்குக் கட்டடங்களை எழுப்புவார். மிருகத் தோலை மாட்டிக்கொண்ட ஒருவர் வந்து ஒரே பிற்பகலில் அவற்றைத் தரைமட்டமாக்குவார். இதனால் அவருக்குக் குட்டியூர்க்காரர் என்று பெயர். தோலுக்குள் இருப்பவர் அவருடைய மைத்துனர். ஒருவர் கட்டுவதும் மற்றவர் இடிப்பதுமாக ஒரே வீட்டில் சண்டை சச்சரவின்றி வாழ்ந்தார்கள்.

அந்த வீடு பேருந்துப் பணிமனையின் பின்தெருவில் இருந்தது. பின்தெருவை அப்புறப்படுத்திவிட்டு அகலச்சாலை போடவேண்டும் என்பது நகராட்சியின் நெடுநாள் ஆசை. அளவெடுப்பவர்கள் டேப்போடு வரும்போதெல்லாம் தெருப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைக்காமல் வந்தவர்கள் வந்த வழியே போவார்கள். “அளந்தாத்தானே இடிப்பாங்க?” என்பது குட்டியூர்க்காரரின் மனைவி கண்ட சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தின் பலத்தில்தான் தெரு நின்றுகொண்டிருந்தது.

இந்நிலையில் ஒரு தயாரிப்பாளர் மலையளவு எறும்புத்தின்னியை வைத்துப் படமெடுக்க முன்வந்தார். சுரங்கத்திலிருந்து எறும்புத்தின்னி வெளியே வருகிறது. ஊரை நாசம் செய்கிறது. மனைவியைப் பிரிந்த விஞ்ஞானி ஒருவர் அதை வென்று, மனைவியோடு சேர்கிறார். நம் ஊரையே அச்சு அசலாகச் செய்துதரவேண்டும் என்றார். குட்டியூர்க்காரர் கொட்டகை ஒன்றில் ஊர் முழுவதையும் கட்டி எழுப்பினார்.

ஆனால் திரையில் ஒரு பொதுக் கட்டடம் இடியவேண்டுமானால், உரிய துறையின் இசைவை முன்கூட்டியே பெறவேண்டும் என்று விதி இருந்தது. இதற்கெனக் ‘கற்பனைச் சேத முன்அனுமதிக் குழு’ ஒன்று நிறுவப்பட்டிருந்தது. நிஜச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதைக் காட்டிலும் கற்பனைச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது சுலபமான கேள்வியாதலால், குழு மிகுந்த ஊக்கத்துடன் இயங்கிவந்தது.

குழுவினர் கொட்டகைக்கு வந்தார்கள். ஒவ்வொரு துறை அதிகாரியும் தத்தம் கட்டடத்தின் அருகில், தூங்கும் குழந்தைக்குக் காவல் இருப்பவரைப்போல் நின்றுகொண்டார்.

“நீதிமன்றத்துல கால் படக்கூடாது. அவமதிப்பு ஆயிடும்” என்றார் ஒருவர்.

“சிறைச்சாலையும் வேணாம். சுவர் எவ்வளவு லேசா உடையும்னு உள்ள இருக்கறவங்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்” என்றார் மற்றொருவர்.

தண்ணீர்த் தொட்டி அதிகாரி மட்டும் சற்று யோசித்தார். “எங்க தொட்டி ஏற்கெனவே ஒழுகுது. மிருகம் மிதிச்சதுனாலன்னு சொல்லிக்கலாம்னா எங்களுக்கும் வசதிதான். ஆனா படம் வர்றதுக்கு முன்னாடியே ஒழுக ஆரம்பிச்சுட்டுதே!”

மேம்பாலத்துக்குரிய அதிகாரி பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “இதை எப்ப முடிச்சீங்க?”

“போன வாரம் சார்” என்றார் குட்டியூர்க்காரர்.

“யாரைக் கேட்டு முடிச்சீங்க? நிஜப் பாலம் பாதியில நிக்கறப்ப நீங்க முழுசாக் கட்டினா எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க? பாதியை எடுத்துடுங்க. முடிக்காத பாலத்தை இடிக்க விதியில இடமில்ல.”

தயாரிப்பாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்ப என் எறும்புத்தின்னி ஊருக்குள்ள வந்து என்னதான் சார் பண்ணும்? சுத்திப் பாத்துட்டுப் போகுமா?”

“அதுக்கு சுற்றுலாத் துறை தடை சொல்லாது” என்றார் குழுத் தலைவர்.

அடுத்ததாகக் கதாநாயகரின் தகுதி ஆராயப்பட்டது.

“இந்த விஞ்ஞானி எந்தத் துறை?”

“எந்தத் துறையும் இல்ல சார். தனியா ஆராய்ச்சி பண்றார்.”

“தனியாள் ஒருத்தர் ஊரைக் காப்பாத்திட்டார்னா நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்? அவரை ஏதாவது ஒரு துறையில துணை இயக்குநர் ஆக்கிடுங்க.”

“துணை இயக்குநர் எப்படி சார் மிருகத்தை ஜெயிப்பார்?”

“விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுப்பார். அது ஆஜராகும். வாய்தா போடுவார். மறுபடி ஆஜராகும். மறுபடி வாய்தா. எவ்வளவு பெரிய மிருகமா இருந்தாலும் எத்தனை தடவைதான் படியேறும்? தானா வெறுத்துப்போய் சுரங்கத்துக்குள்ள போயிடும்.”

எறும்புத்தின்னிக்குச் சோகமான இளம்பருவம் இருக்கவேண்டும் என்பதை மட்டும் தயாரிப்பாளர் விட்டுக்கொடுக்கவில்லை. “இப்பல்லாம் அதுதான் சார் மோகம். குட்டியா இருக்கறப்ப அம்மாவைப் பறிகொடுத்ததுன்னு காட்டினாத்தான் ஜனங்க மனசு இளகும். அப்புறம் அது யாரை மிதிச்சாலும் மன்னிச்சுடுவாங்க.” குழுவினர் இதை ஆட்சேபிக்கவில்லை. மிருகத்தின் தாய் எத்துறையின் கட்டுப்பாட்டிலும் இல்லை.

எஞ்சியது ஒரே கேள்வி: எதை மிதிப்பது? குழுத் தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குட்டி ஊரைச் சுற்றிவந்தார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எந்த அதிகாரியும் நின்றுகொண்டிருக்கவில்லை.

“இது எந்தத் துறை?”

“அது பின்தெரு சார். என் வீடு அங்கதான் இருக்கு” என்றார் குட்டியூர்க்காரர்.

“ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்ச இடம், தத்ரூபமா வரும்.”

எறும்புத்தின்னி மிதிக்கத் தகுந்த தெரு இது என்று குழு ஏகமனதாகச் சான்றளித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தது. இப்போதிருக்கும் பின்தெரு உத்தேசமாகச் செய்தது, அது ஏற்புடையதன்று. ஒவ்வொரு வீட்டையும் அங்குலம் பிசகாமல் அளந்து புதிதாகச் செய்யவேண்டும். அளவுகள் குறித்த வரைபடத்தின் நகல் ஒன்றைக் குழுவிடம் தரவேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி நிமிர்ந்து பார்த்தார். “இடிக்கறது அட்டை. அதுக்கு எதுக்குங்க அங்குலம்?”

“தொழில்னா ஒரு சுத்தம் வேணாமா?”

“உங்க சுத்தத்துல தீயை வைக்க. அளந்தா இடிப்பாங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன். நீங்களே டேப்பைத் தூக்கிட்டு வர்றீங்களா?”

“நான் என்ன நகராட்சியா? சினிமாவுக்கு அளக்கறேன்.”

மனைவி டேப்பின் மறுமுனையைப் பிடிக்க மறுத்துவிட்டார். ஆனால் ‘சினிமாவுக்கு’ என்ற சொல் அதற்குள் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது. டேப்பை மறித்து நின்ற பெண்கள், இப்போது டேப்பின் மறுமுனைக்குப் போட்டி போட்டார்கள்.

“அண்ணே, எங்க மாடிப்படியை விட்டுட்டுப் போறீங்களே!”

“எங்க ஜன்னல்ல பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு. படத்துல மட்டுமாவது நல்லா அடிச்சு விடுங்க.”

“அவங்க வீட்டை முதல்ல மிதிக்குமாமே. ஏன், எங்க வீடு என்ன தாழ்த்தியா?”

கடைசியில் தம் வீட்டை அளக்கவேண்டி வந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் டேப்பைப் பிடிக்க முன்வந்தார். குட்டியூர்க்காரரின் மனைவிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “நம்ம வீட்டுக்கு வேற யாரோ பிடிக்கறதா? கொடுங்க இப்படி” என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். நகராட்சியால் காலமெல்லாம் எடுக்க முடியாத அளவு, ஒரே வாரத்தில், ஒரு சொல் வம்பின்றி, அங்குலச் சுத்தமாக எடுக்கப்பட்டது.

படப்பிடிப்பு நாளில் தெருவே கொட்டகையில் திரண்டது. மிதிபடும் தெருவின் மக்களாக ஓடுவதற்கு அவர்களையே அமர்த்தியிருந்தார்கள்.

“மேலே பாத்துக்கிட்டே ஓடணும். யாரும் சிரிக்கக்கூடாது!” என்று கத்தினார் தயாரிப்பாளர்.

“நம்ம தம்பிக்குப் பயந்து ஓடணும்னா எப்படிங்க சிரிப்பு வராம இருக்கும்?”

அட்டைத் தெருவின் முனையில் நின்றுகொண்டு தோலுக்குள்ளிருந்து மைத்துனர் குரல் கொடுத்தார்: “மாமா, நம்ம வீட்டை முதல்ல மிதிக்கவா, கடைசில மிதிக்கவா?”

“கடைசில. வெளிச்சம் அப்பத்தான் நல்லா விழும்.”

“டேய், காலைத் தொடச்சுட்டு மிதிடா” என்றார் அக்கா.

படம் வெளியாயிற்று. தெருவாசிகள் குடும்பத்தோடு போனார்கள். சுரங்கத்தில் எறும்புத்தின்னியின் தாய் இறந்தபோது அரங்கமே விம்மியது. அதற்கடுத்த காட்சியில் பின்தெரு தூள்தூளாயிற்று. விம்மிய அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்தச் சுவர்கள் நிஜச் சுவர்களைப் போலவே முதலில் நெளிந்து, பிறகு மடிந்து, புழுதியாய் எழுந்த நேர்த்தியைக் கண்டு குட்டியூர்க்காரரும் தம்மை மறந்து கைதட்டினார். அவர் மனைவி விசிலடித்தார் என்பது பெரும்பாலோர் கூற்று. இருக்கை தைப்பவர் மட்டும், விசிலடித்தது பக்கத்து வீட்டு அம்மாள் என்று சாதித்தார். இடிபாட்டின் மேல் துணை இயக்குநர் தம் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு நின்று, “இனி இங்கே அகலச்சாலை வரும்!” என்று முழங்கியபோது எழுந்த கரவொலியில் மேற்கூரைத் தகரம் அதிர்ந்தது. அவ்வசனம் குழுவின் யோசனைப்படி சேர்க்கப்பட்டதாகும்.

படம் இன்னும் அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த நாள்களிலேயே இடிக்கும் இயந்திரம் தெருமுனைக்கு வந்து நின்றது. குட்டியூர்க்காரரும் மனைவியும் குழுத் தலைவரைத் தேடி ஓடினார்கள். அவர்தான் அகலச்சாலைத் திட்டத்துக்கும் தலைவர்.

“வாங்க, வாங்க. உங்களைத்தான் பாராட்டணும்னு நினைச்சேன். அந்தத் திட்டத்துல ரெண்டே குறைதான் இருந்தது. அளவு இல்ல, தெருவாசிகள் சம்மதம் இல்ல. அளவை நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க.”

“நாங்க எங்க சார் சம்மதிச்சோம்?” என்றார் மனைவி.

“பொதுமக்கள் கருத்தை ஒரு பொது அரங்கத்துல, எல்லார் முன்னாடியும் கேக்கணும்னு விதி. எங்க ஆள் பின்வரிசையில உக்காந்து பாத்தார். தெரு இடிஞ்சதும் நீங்கள்லாம் எழுந்து நின்னு கைதட்டினீங்க. சாலை வரும்னதும் இன்னும் பலமாத் தட்டினீங்க. எதிர்ப்புன்னு ஒரு குரல் இல்ல. ஒரு விசில் கேட்டுதாம். அதை ஆதரவுக் கணக்குல சேத்துட்டோம்.”

“அது சினிமாவுக்குத் தட்டினது சார்!”

“கைதட்டலை அப்படிப் பிரிச்சுப் பாக்கற வழக்கம் இல்லம்மா.”

மனைவி விடவில்லை. “சரி, அந்த எறும்புத்தின்னிக்கு வாய்தா மேல வாய்தா கொடுத்தீங்களே. அதுல ஒண்ணே ஒண்ணு எங்களுக்குக் கொடுங்க.”

குழுத் தலைவரின் குரல் தழுதழுத்தது. “அதுக்கு அம்மா இல்லம்மா. ஊரே அழுதுது, நானும் அழுதேன். உங்க தெரு இடிஞ்சப்ப யாராவது அழுதாங்களா? நீங்களே அழலையே!”

இருக்கை தைப்பவரின் கதை இங்கே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு சாலைதான் இருக்கிறது, கதை இல்லை என்றார்.

சலவைக்கடைக்காரர் ஒருவரின் கூற்றில், மைத்துனர் எறும்புத்தின்னித் தோலை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கிறார். இயந்திரம் ஓட்டுபவர் இறங்கிவந்து, எறும்புத்தின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு, படத்துல உங்க அம்மா செத்த இடத்துல என்னால தாங்கமுடியல என்று தேம்பி அழுகிறார். சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்கிறார். பிறகு, தோலில் புழுதி படியும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்.

பேருந்து நடத்துநர் ஒருவர் சொன்ன வடிவத்தில் தெரு பிழைக்கிறது. இயந்திரத்தின் முன்னால் தோலோடு நிற்கும் மைத்துனரை நிஜ எறும்புத்தின்னி என்றே கருதி, அதிகாரிகள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிடுகிறார்கள். விசாரணை முடியும்வரை அதை நகர்த்த விதியில் இடமில்லை. வாய்தா போட்டுக்கொண்டே போகிறார்கள். மைத்துனர் தோலைக் கழற்றாமல் தெருமுனையிலேயே நிற்க, அக்கா மூன்று வேளையும் தோலின் வாய்க்குள் கைவிட்டுச் சோறு ஊட்டுகிறார்.

இந்த முடிவுகளில் எது மூலம் என்று துணிந்து சொல்வதற்கில்லை. எந்த முடிவைச் சொன்னாலும் கேட்டவர்கள் கைதட்டினார்கள் என்பதில் மட்டும் கூற்றுகளுக்குள் வேறுபாடு இல்லை.